அழுத்தமானி எடுத்த பிறகே திருகாணியைத் தொடுபவர்
வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். காலஞ்சென்ற என் தந்தையார் 1984-ஆம் ஆண்டு வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 230 ஈ காரை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். காலையில் சாவியைத் திருப்பிய உடனே இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் பாலத்தைக் கடந்து தண்ணீர்மலைக் கோவிலுக்குச் சென்று, அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், வெகு நேரம் சுற்றிய பிறகே ஓடுகிறது. அப்போதும் ஒரு நிமிடம் தடுமாறித்தான் சீராகிறது. இதுவரை மூன்று பட்டறைகளுக்குப் போய்விட்டேன். முதலாமவர் பிளக்கும் காயிலும் மாற்றினார். இரண்டாமவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். மூன்றாமவர், "இந்தப் பழைய இன்ஜெக்ஷனுக்கு இனி ஆளே இல்லை, கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் போடுங்கள், இல்லையென்றால் பழைய கார்களை வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையில் ஜப்பான் இயந்திரம் வாங்கிப் பொருத்தித் தருகிறேன்" என்கிறார். இதுவரை ஏறத்தாழ 4,000 ரிங்கிட் செலவாகிவிட்டது. நம்பிக்கையான, கைதேர்ந்த ஒருவரை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? பாயான் லெப்பாஸில் போஷ் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கேயே கொண்டுபோய்க் கேட்கலாமா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியைப் பினாங்கில் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாயான் லெப்பாஸில் அந்நிறுவனம் துளைக்கருவி முதலான மின்கருவிகளைச் செய்கிறது. வாசலில் காரை நிறுத்தி இன்ஜெக்ஷனைப் பார்க்கச் சொல்வதற்கு அது இடமில்லை.

உங்கள் காரில் இருப்பது அதே போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்னும் பெட்ரோல் தெளிப்பு (இன்ஜெக்ஷன்) அமைப்பு. 1973-ஆம் ஆண்டு போர்ஷே 911 காரில் வெளிவந்த இந்த அமைப்பு, பின்னர் மெர்சிடிஸ், வால்வோ, ஆவ்டி, பி.எம்.டபிள்யூ எனப் பல கார்களில் இடம்பெற்றது. 'கே' என்பது தொடர்ச்சி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. இக்காலத்து இன்ஜெக்டர்களைப் போல் கணினி சொல்லும் கணத்தில் திறந்து மூடாமல், இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருப்பதால் இந்தப் பெயர். உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்குகிறது. அந்தத் தட்டின் நெம்புகோல், எரிபொருள் பகிர்வியின் உள்ளே இருக்கும் ஒரு சிறு தண்டை மேலே தள்ளுகிறது. தண்டு எவ்வளவு மேலே செல்கிறதோ அவ்வளவுக்கு மயிரிழை போன்ற துளைகளின் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் போகிறது. அளந்து கொடுப்பது முழுக்க முழுக்க அழுத்தமும் இயந்திர அசைவும்தான். ஆகவே இந்த அமைப்பில் நோயை அறிய ஸ்கேனர் உதவாது. அழுத்தமானி ஒன்றுதான் உதவும்.

நீங்கள் தேட வேண்டிய மனிதரை அடையாளம் காட்டுவதும் அந்த அழுத்தமானிதான். நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இவ்வளவே: உங்கள் காரில் ஒரு திருகாணியைத் திருப்புவதற்கு முன், ஒரு பாகத்தை வாங்கி வரச் சொல்வதற்கு முன், எவர் மூன்று வழி அடைப்பானுடன் கூடிய அழுத்தமானியை எடுத்து, பகிர்விக்கும், இயந்திரம் சூடேறும்வரை கலவையைச் சரிசெய்யும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையே பொருத்துகிறாரோ, அவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். நீங்கள் கண்ட மூவரில் ஒருவர்கூட அதைச் செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. 4,000 ரிங்கிட் எங்கே போயிற்று என்பதற்கு அதுவே விளக்கம்.

அவர் அளக்க வேண்டியவை மூன்று. முதலாவது அமைப்பின் முழு அழுத்தம். இது ஏறத்தாழ 5 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும், சரியான எண் உங்கள் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உண்டு. இரண்டாவது கட்டுப்பாட்டு அழுத்தம், அதாவது பகிர்வியின் தண்டை மேலிருந்து அழுத்திப் பிடிப்பது. குளிர்ந்த இயந்திரத்தில் குறைவாகத் தொடங்கி, ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை மின்சாரத்தால் சூடாகச் சூடாகச் சில நிமிடங்களில் 3.5 பார் அளவுக்கு ஏறி நிற்க வேண்டும். இங்கே ஒரு சிறு நுட்பம். குளிர்நிலை அழுத்தம் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்து மாறுவதால், கையேட்டில் அது ஒற்றை எண்ணாக இல்லாமல் கோட்டுப்படமாக வரையப்பட்டிருக்கும். ஜெர்மனியின் 20 பாகை வெப்பத்திற்கு உரிய எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, நம்மூரின் 31 பாகையில் அளந்துவிட்டு, "உங்கள் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது" என்று சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்துப் படிப்பவரே விவரம் அறிந்தவர்.

மூன்றாவதுதான் உங்கள் கார் சம்பந்தப்பட்டது: இயந்திரத்தை நிறுத்திய பிறகு குழாய்களில் தங்கி நிற்கும் மிச்ச அழுத்தம். சூடான இயந்திரத்தை நிறுத்தினால், குளிர்விக்கும் ஓட்டம் நின்றுபோய், மூடிய பானெட்டின் கீழ் வெப்பம் மேலும் ஏறுகிறது. அழுத்தம் தங்கியிருந்தால் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் விழுந்துவிட்டால் குழாயிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியேறும்வரை நீங்கள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தண்ணீர்மலை அடிவாரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுவே. இரவு முழுவதும் நின்ற காரில் ஆவி மறுபடியும் குளிர்ந்துவிடுவதால் காலையில் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை.

மிச்ச அழுத்தம் விழுவதற்குக் காரணங்கள் சில உண்டு. பம்ப்பின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு கசியலாம். பின் அச்சின் அருகே காரின் அடியில் இருக்கும், அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்குமுலேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். பகிர்வியில் இருக்கும் அழுத்த வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். இன்ஜெக்டரோ, குளிர்நிலைத் தொடக்க வால்வோ சொட்டலாம். இவற்றுள் எது என்பதை அறியக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அக்குமுலேட்டரின் பின்புறத்திலிருந்து வரும் சிறிய ரப்பர் குழாயைக் கழற்றி, பம்ப் ஓடும்போது அதில் பெட்ரோல் வழிந்தால் சவ்வு போய்விட்டது என்று பொருள். அழுத்தமானியைப் பார்த்தபடியே, பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாயை இறுக்கிப் பிடித்தால் முள் விழுவது நிற்கிறதா என்று பார்த்துப் பகிர்வியின் வால்வைச் சோதிக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி நான்கு கண்ணாடிப் புட்டிகளில் விட்டால், சொட்டுவது எது, மற்றவற்றைவிடக் குறைவாகத் தெளிப்பது எது என்று கண்ணுக்கே தெரியும். இவ்வளவும் ஒரு காலை நேரத்து வேலை. இதற்கு ஒருவர் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பாகம் எதையும் விற்காமல் நோயை மட்டும் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கூலி தர நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. பட்டறைக்காரர்கள் பாகத்தில் இலாபம் வைக்கப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படிப்பட்டவர் எங்கே இருக்கிறார்? விளம்பரப் பலகையில் இருப்பது அரிது. எண்பதுகளில் இந்தக் கார்களை விற்ற முகவர்களின் பட்டறைகளில் பயிற்சி பெற்ற போர்மன்கள் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்று வீட்டின் பக்கத்திலேயே இரண்டு கார் நிறுத்தும் கொட்டகையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார்கள். அவர்களை அடையும் வழி, அதே வகைக் கார் வைத்திருப்பவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார்க்காரர்கள் கூடித் தே தாரிக் குடிக்கும் கடையில் போய் உட்காருங்கள். பளபளப்பான வண்ணப் பூச்சைக் கண்டு மயங்காதீர்கள். ஓட்டி வந்து கால் மணி நேரம் நின்ற காரை மறுபடியும் கிளப்பிக் காட்டும்படி அன்பாகக் கேளுங்கள். முதல் சுற்றிலேயே கிளம்பும் காரின் உரிமையாளரிடம், "இதை யார் பார்த்தார், எப்போது பார்த்தார்?" என்று விசாரியுங்கள். போன மாதம் என்ற பதிலைவிட, இரண்டு ஆண்டுக்கு முன் என்ற பதிலுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. பிறை, பட்டர்வொர்த் பக்கத்தில் லாரிகள் மிகுதியாதலால் டீசல் பம்ப் சோதித்துச் சரிசெய்யும் கடைகள் இருக்கின்றன. கே-ஜெட்ரானிக் அவர்களின் வேலை அன்று. ஆனால் நுண்ணிய அழுத்தக் கருவியில் தூசு என்ன செய்யும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பழைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் வேலை தெரிந்தவர் யார் என்பதும் அவர்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் தொலைபேசியில் பேசுங்கள். "சூட்டில் கிளம்ப மறுக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே பாகத்தின் விலையைச் சொல்பவரை விட்டுவிடுங்கள். "குளிரில் எப்படி, எவ்வளவு நேரம் நின்ற பிறகு, கிளம்பியதும் புகை கறுப்பாக வருகிறதா, தடுமாறுகிறதா?" என்று திருப்பிக் கேட்பவரிடம், காரை முந்தின நாள் மாலையே கொண்டுவந்து விடலாமா என்று கேளுங்கள். குளிர்நிலை அளவை எடுப்பதற்குக் கார் இரவு முழுவதும் அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்பது தெரிந்தவர், நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லியிருப்பார்.

பட்டறைக்குச் சென்ற பிறகு உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பகிர்விக்கும் காற்றுத் தட்டுக்கும் நடுவே ஒரு சிறு துளைக்குள், 3 மில்லிமீட்டர் அலன் கீயால் திருப்பும் கலவைத் திருகாணி இருக்கிறது. கால் சுற்றே மிகுதி, அவ்வளவு நுண்மையானது. புகை அளக்கும் கருவியைப் புகைக்குழாயில் வைக்காமல், காதால் கேட்டே அதைத் திருப்பத் தொடங்குபவரை, மரியாதையாக நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். உங்கள் காரை ஏற்கனவே மூன்று பேர் பார்த்திருப்பதால், அந்தத் திருகாணி இந்நேரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் உடனே பாருங்கள். பம்ப் மாற்றியவர் ரிலேயைத் தவிர்த்து நேரடியாக வயர் இழுத்திருக்கிறாரா? இயந்திரம் நின்றுவிட்டால் பம்ப்பையும் நிறுத்துவதற்காகவே அந்த ரிலே வைக்கப்பட்டிருக்கிறது. நேர் வயர் கொடுத்தால், விபத்தில் குழாய் அறுந்தாலும் சாவி திறந்திருக்கும்வரை 5 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். காசு மிச்சப்படுத்தும் எந்த வழியும் இதற்கு ஈடாகாது.

நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு பட்டறையில் என் பழைய காரை விட்டுவிட்டு, மதிய உணவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, ரெகுலேட்டரின் தலையில் இருக்கும் உலோக அடைப்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டினால் உள்ளே இறங்கி அழுத்தம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு இறங்கியது என்பதை அளக்க அந்தப் பட்டறையில் கருவி இல்லை. கார் அன்று அருமையாக ஓடியது. மறுநாள் காலை கிளம்பவே இல்லை. புதிய ரெகுலேட்டர் தேடி ஹாஃப் கட் கடைகளில் அலைந்தபோது கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்: ரெகுலேட்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், 0 438 140 என்று தொடங்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் அது எந்தக் காருக்கு உரியது என்று சொல்லும். பகிர்விக்கு 0 438 100 என்று தொடங்கும் எண் உண்டு. காரைப் பட்டறையில் விடுவதற்கு முன் இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவும், உங்கள் நல்ல பாகம் உங்களிடமே திரும்பி வந்ததா என்று பார்க்கவும் அது உதவும்.

கார்புரேட்டர் மாற்றும் யோசனையைப் பற்றி நீண்ட பதில் தேவையில்லை. வேண்டாம். பெரும்பாலும் ஓர் அக்குமுலேட்டரோ, பம்ப்பின் வால்வோ தீர்க்கக்கூடிய நோய்க்கு, தந்தையார் விட்டுச்சென்ற காரின் இயல்பையே மாற்றிவிடுவது அறிவுடைமையன்று. பகிர்வியே கெட்டிருந்தாலும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பிப் புதுப்பிக்க வழி இருக்கிறது. போஷ் நிறுவனம் பழைய கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது, மெர்சிடிஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஃபெல்பாக் நகரில் 1993 முதல் அப்படியொரு நிலையத்தை நடத்தி வருகிறது. ஆனால் அது கடைசிப் படி. அழுத்தமானி சொன்ன பிறகே அங்கே போக வேண்டும்.

கேள்வி: என்னிடம் 1985-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 318 ஐ இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நடுவழியில் நின்றுவிடுகிறது. கே-ஜெட்ரானிக்கில் பெயர் பெற்ற ஒருவரைச் சுங்கை பீசி பக்கத்தில் தெரியும். அவரிடமே கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, அவர் திறமைசாலியாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் காரில் இருப்பது எல்-ஜெட்ரானிக். இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. 'எல்' என்பது காற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. காற்று தள்ளும் ஒரு மடல் மின்குறியை அனுப்ப, ஒரு மின்னணுப் பெட்டி (இ.சி.யூ.) கணக்கிட்டு இன்ஜெக்டர்களைத் திறந்து மூடுகிறது. எரிபொருள் அழுத்தம் கே-ஜெட்ரானிக்கில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே உங்களுக்கு வேண்டியவர் வயரிங் படத்தை வாசிக்கத் தெரிந்தவர். மழையில் மட்டும் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள், பிறகு நிலத்தொடர்பு வயர்கள், இணைப்பிகளில் பிடித்திருக்கும் பச்சைக் களிம்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரைத் தொடாமலே, "இ.சி.யூ. போய்விட்டது" என்று சொல்பவரிடம், வேலை செய்யும் வேறொரு பெட்டியைப் பொருத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பழைய கார் ஒன்றின் இன்ஜெக்ஷனைப் பழுதுபார்க்க 3,500 ரிங்கிட் முன்பணம் கொடுத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பகிர்வியைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், பாகம் வருகிறது என்கிறார்கள். ரசீது மட்டும் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ரசீது இருப்பது நல்லது. பட்டறைகள் பழுது பார்ப்பதற்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பதற்கென்றே, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2002-இல் விதிமுறைகள் வந்திருக்கின்றன. முதலில் நாள் குறித்து ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டும், இல்லையேல் முன்பணத்தையும் எல்லாப் பாகங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று. பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி கடந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திற்குச் செல்லலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. படிவம் 1-ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது; என்றாலும் பாகங்கள் துருப்பிடிக்க நேரம் கொடுக்காதீர்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

காரைத் திரும்பப் பெறும் நாளில், பகிர்வி ஒரு பெட்டியில் இருந்தால், அதன் அடிப்பக்கத் துளையில் பென்சில் பருமனை ஒத்த வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பகிர்வியைத் தூக்கும்போது அது தானாக வழுக்கி விழுந்துவிடக்கூடியது. அந்தத் தண்டும் அது ஓடும் உருளையும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவையாதலால், வேறொரு காரின் தண்டு இதற்குப் பொருந்தாது. சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரு கீறல் விழுந்திருந்தாலும் பயன்படாது. தண்டு இருக்கிறதா, கீறல் இல்லையா என்று வெளிச்சத்தில் பார்த்து, படம் எடுத்துக்கொண்ட பிறகே, எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுங்கள்.